மூன்று குதிரைத் திறன் என்று விற்றார்கள்: மின் மோட்டார் வாங்கும் படகுக்காரர்கள் கவனத்துக்கு

பழவேற்காடு ஏரியில் நான் ஓட்டும் 16 அடிப் பாய்ப்படகுக்குச் சென்ற ஆண்டு ஒரு மின் மோட்டார் வாங்கினேன். காற்று விழுந்துவிட்டால் புகையும் இரைச்சலும் இல்லாமல் கரை சேரலாம் என்று நம்பினேன். "மூன்று குதிரைத் திறன் சார், முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடும்" என்றார் விற்றவர். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்றையும் சேர்த்துத் தலையில் கட்டினார்.

மூன்றாம் முறை போனபோது முகத்துவாரத்துக்கு அருகில் காற்று நின்றது. வற்றம் தொடங்கி, ஏரித் தண்ணீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. முழு வேகத்தில் வைத்தும் படகு முன்னேறவில்லை. மோட்டாரின் தண்டு குட்டை. அலையில் படகின் பின்புறம் எழும்போதெல்லாம் விசிறி தண்ணீருக்கு வெளியே வந்து வெறுமனே சுழன்றது. ஐம்பது நிமிடத்தில் பேட்டரி தீர்ந்தது. என் பத்து வயது மகள் உடன் இருந்தாள். வலை எடுத்துத் திரும்பிய மீனவ அண்ணன் ஒருவர் கயிறு வீசிக் கரைக்கு இழுத்து வந்தார். அவரை நான் மறக்கவே மாட்டேன்.

வீட்டுக்கு வந்துதான் மோட்டாரில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். 12 வோல்ட், 50 ஆம்பியர். பெருக்கினால் 600 வாட். ஒரு குதிரைத் திறனே 746 வாட்! பேட்டரியின் 100 ஆம்பியர்-மணி என்பதும் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால் வரும் கணக்கு. 50 ஆம்பியராக உறிஞ்சினால் அவ்வளவு கிடைக்காது. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியும் சீக்கிரம் கெட்டுவிடும்.

இரண்டே மாதத்தில் உப்பு அரித்து விசிறித் தண்டு இறுகிவிட்டது. கொண்டுபோய்க் காட்டினால், விற்றவர் கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி "நன்னீருக்கு மட்டும்" என்ற வரியைக் காட்டினார். பழவேற்காட்டில் ஓட்டப்போகிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.

குதிரைத் திறன் பேச்சை விடுங்கள், எத்தனை வாட் என்று கேளுங்கள். தண்டு 20 அங்குல நீளமாவது இருக்கட்டும். உப்புநீருக்கென்றே செய்ததா, மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிந்துபோகும் துத்தநாகத் துண்டு உண்டா என்று பாருங்கள். விற்பவர் வாயால் சொல்லும் ஒவ்வொன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். என் ரசீதில் "மோட்டார் 1, பேட்டரி 1" என்று மட்டுமே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் நுகர்வோர் ஆணையத்துக்கு அலைகிறேன்.