நோர்வே ஓய்வூதிய நிதியின் வாக்குப் பக்கம்: புர்சா சிறு பங்குதாரருக்கு எவ்வளவு உதவும்?

புர்சாவில், அதாவது மலேசியப் பங்குச் சந்தையில், பட்டியலிட்ட ஒரு நிறுவனத்தின் இயக்குநர்களை நீக்கச் சொல்லிப் பங்குதாரரில் ஒரு கோஷ்டி இஜிஎம் (சிறப்புப் பொதுக்கூட்டம்) கேட்டுவிட்டால் இரு தரப்பும் கடிதம் மேல் கடிதம் அனுப்பும். எல்லாமே தற்புகழ்ச்சிதான். நமக்கு வேண்டியது வேறு: பெரிய நிதிகள் எந்தப் பக்கம் கை தூக்கப்போகின்றன? அதைக் கூட்டத்துக்கு முன்பே பார்க்க நல்ல இடம், நோர்வே அரசின் உலக ஓய்வூதிய நிதி நடத்தும் வாக்குத் தேடல் பக்கம். இலவசம், கணக்குத் திறக்க வேண்டாம். 2021 முதல், கூட்டத்துக்கு 5 நாள் முன்பே தன் வாக்கை வெளியிட்டுவிடுகிறது. பெயரில்தான் ஓய்வூதியம், போட்ட பணம் எண்ணெய் வருமானம். மாதாமாதம் சம்பளத்தில் 11 விழுக்காட்டை இபிஎஃப்புக்கு (ஊழியர் சேமநிதி) கொடுக்கும் நமக்குக் கொஞ்சம் பொறாமை வரத்தான் செய்யும்.

தேடும்போது நிறுவனத்தின் பதிவுப் பெயரைப் போடுங்கள். ‘மேபேங்க்’ அல்ல, ‘மலாயன் பேங்கிங்’. கூட்டத் தேதியைத் தட்டினால் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஆதரவா, எதிர்ப்பா என்று வரும். இயக்குநர் வாரியத்தின் பரிந்துரைக்கு மாறாக வாக்களித்திருந்தால் காரணமும் இருக்கும். நிறுவனமே அகப்படவில்லை என்றால், பெரும்பாலும் அந்த நிதியிடம் அதன் பங்கு இல்லை என்று பொருள்.

பலர் சறுக்குவது இங்கேதான். நீக்கல் தீர்மானத்தில் ‘ஆதரவு’ என்றால் நீக்கத்துக்கு ஆதரவு, அதாவது வாரியத்துக்கு எதிர்ப்பு. ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) பழக்கத்தில் ‘ஆதரவு’ என்பதைப் பார்த்ததும் வாரியத்தின் பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. நிறுவனச் சட்டம் 2016, பிரிவு 206-இன்படி இயக்குநரை நீக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும். 28 நாள் சிறப்பு அறிவிப்பு தேவை. பாதிக்கு மேல் ஒரே ஒரு வாக்கு விழுந்தாலும் நாற்காலி போய்விடும் என்பதால்தான் நிதிகளின் வாக்குக்கு இவ்வளவு கிராக்கி.

இனி அந்த 5 நாள். இஜிஎம் செவ்வாய் காலை 10 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். நோர்வேயின் வாக்கு வியாழக்கிழமை தெரியும். பிராக்ஸி பாரம் (நமக்குப் பதில் வாக்களிக்க ஒருவரை நியமிக்கும் படிவம்) 48 மணி நேரத்துக்கு முன், அதாவது ஞாயிறு காலை 10 மணிக்குள் நிறுவனத்தின் பங்குப் பதிவாளரிடம் சேர வேண்டும். தபாலை நம்பினால் கதை முடிந்தது; பதிவாளரின் இணையத்தளத்தில் போடுங்கள். வாக்கைப் பார்த்த பிறகு பங்கு வாங்கி உள்ளே நுழையலாம் என்ற எண்ணமும் வேண்டாம். வாக்களிக்கத் தகுதியானவர் பட்டியல் கூட்டத்துக்குக் குறைந்தது 3 வணிக நாள் முன்பே மூடப்படும். வாங்கிய பங்கு கணக்குக்கு வர இன்னும் 2 வணிக நாள் ஆகும். சொந்தப் பெயரில் சிடிஎஸ் கணக்கு (பங்குகளை வைக்கும் கணக்கு) உள்ளவர் நேரில் போனாலோ, நேரிலும் இணையத்திலும் நடக்கும் கலப்புக் கூட்டத்தில் இணையம் வழி நுழைந்தாலோ அன்றே வாக்களிக்கலாம். முழு இணையக் கூட்டம் 2025 மார்ச் 1 முதல் பட்டியலிட்ட நிறுவனங்களுக்குக் கிடையாது. ஆகவே கூட்டம் கோலாலம்பூர் ஹோட்டலில் நேரடியாக மட்டும் நடந்தால், தொலைவில் உள்ள பட்டர்வொர்த்காரருக்குப் பிராக்ஸிதான் வழி. நாமினி கணக்கில், அதாவது தரகு நிறுவனத்தின் பெயரில், பங்கு வைத்திருப்பவர் பாடு இன்னும் மோசம்: தரகு நிறுவனம் தன் வேலைக்கென்று முன்கூட்டியே ஒரு கெடு வைக்கும். நோர்வேயின் வாக்கு வருவதற்குள் அந்தக் கெடு தாண்டியிருக்கலாம். அறிவிப்பு வந்த அன்றே தரகரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

குறைகளும் உண்டு. வாரியத்தோடு ஒத்துப் போனால் ஏன் என்று சொல்லாது. தலைமைச் சண்டையில் அதுதான் முக்கியக் கேள்வி. எதிர்த்து வாக்களித்தால் வெற்றி என்றும் இல்லை. 2024 ஜூன் 13 டெஸ்லா கூட்டத்துக்கு 5 நாள் முன், எலான் மஸ்கின் ஊதியத் திட்டத்தை எதிர்க்கப்போவதாக இந்த நிதி அறிவித்தது. திட்டம் நிறைவேறிவிட்டது. ஆனாலும் முன்கூட்டிச் சொல்வதன் அருமை கொரியன் ஏர் விமான நிறுவனத்தின் விவகாரத்தைப் பார்த்தால் புரியும். 2019 மார்ச் 27 கூட்டத்தில் தலைவர் சோ யாங்-ஹோ 64.1 விழுக்காடு பெற்றும், அங்கே தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கை எட்டாமல் இயக்குநர் பதவியை இழந்தார். 11 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருந்த கொரிய தேசிய ஓய்வூதிய நிதி, தன் எதிர்ப்பு முடிவை எடுத்ததே கூட்டத்துக்கு முந்தைய நாள்தான். நம் 48 மணி நேர விதிப்படி பார்த்தால் பிராக்ஸிக் கதவு அதற்குள் மூடியிருக்கும்.

நம்மூர் நிறுவனத்தில் முடிவைத் தீர்மானிப்பது நோர்வேயைவிட இபிஎஃப்பும், அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியான கேவாப்பும்தான். இபிஎஃப்பின் வாக்களிப்புக் கொள்கை ஆவணத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இபிஎஃப்பின் கையிருப்பை அறிய நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் உள்ள 30 பெரிய பங்குதாரர் பட்டியலில் ‘சிட்டிகுரூப் நாமினீஸ் (தெம்பாத்தான்)’ என்ற வரியைத் தேடுங்கள். கீழே ஊழியர் சேமநிதி வாரியம் என்று இருக்கும். வெளி நிர்வாகிகளிடம் விட்ட பங்குகள் தனி வரிகளில் வரும், கூட்டிக்கொள்ள வேண்டும். 5 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் பங்கு அளவு மாறுவதைச் சொல்லும் பிரிவு 138 அறிவிப்புகள் புர்சா தளத்தில் அவ்வப்போது வந்துகொண்டே இருக்கும். சிறு பங்குதாரர் கண்காணிப்புக் குழுவின் வார மடல் இலவசம். அன்பளிப்புப் பைக்காக மட்டும் கூட்டத்துக்குப் போகிறவர்களும் ஒருமுறை புரட்டலாம்.

நோர்வே பக்கத்தில் காண்பது அதன் சொந்த வாக்கு மட்டுமே. மொத்தக் கணக்கு, ஆதரவு எத்தனை எதிர்ப்பு எத்தனை என்ற எண்களோடு, கூட்டம் முடிந்தபின் புர்சா அறிவிப்பில் வரும்.