வெள்ளவத்தை சனிக்கிழமை புரோகிராமிங் வகுப்பு: பைதனுக்குத் தாராளமாகப் போகலாம்

உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுத்துப் பைதன் கொஞ்சம் தொட்டவர்கள், இப்போது வேலைக்காகத் திரும்பப் படிக்க நினைத்தால் இந்த வகுப்பு நன்றாகப் பொருந்தும். முற்றிலும் புதியவர்களுக்குச் சரிவராது. லூப் என்றால் என்ன என்றெல்லாம் சேர் நின்று விளக்கமாட்டார். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு மென்பொருள் கம்பனியில் டெஸ்டிங் பக்கம் இருக்கிறேன். டெவலப்மென்ட் பக்கம் மாறும் யோசனையில்தான் சேர்ந்தேன்.

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில் நடக்கிறது. 100, 101 பஸ் எதிலும் வரலாம். காரில் வந்தால் நிறுத்த இடம் தேடியே பாதி வகுப்பு போய்விடும். ரயில் போகும் சத்தத்துக்குச் சேர் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு மிடறு பிளேன் டீ குடிப்பார்.

அவருடைய கெட்டித்தனம் கொன்ஸ்ட்ரக்டர் (கிளாஸிலிருந்து ஒரு பொருளை உருவாக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) பாடத்தில்தான் தெரிந்தது. கொத்துக் கடை ஓடர் ஒன்றை கிளாஸாக, அதாவது ஓடர்களை உருவாக்கும் அச்சாக, எழுதச் சொன்னார். என்ன கொத்து என்பது கட்டாயம். உறைப்பு சொல்லாவிட்டால் சாதாரணம். மேலதிகமாகப் போடுபவை சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லாத வெற்று லிஸ்ட். எல்லாரும் அந்த வெற்று லிஸ்டை அப்படியே டிஃபோல்டாக (சொல்லாவிட்டால் தானாக வரும் மதிப்பாக) கொடுத்தோம். முதல் ஓடரில் சீஸ் சேர்த்தோம். இரண்டாவது வெறும் முட்டைக் கொத்து. பிரின்ட் பண்ணினால் அதிலும் சீஸ்! "இந்தச் சீஸுக்கு ஆர் காசு கட்டுறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

காரணத்தை உடனே சொல்லவில்லை. இரண்டு ஓடரின் லிஸ்டுக்கும் ஐடியை, அதாவது ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காட்டும் எண்ணை, பார்க்கச் சொன்னார். ஒரே எண். பைதனில் டிஃபோல்ட் மதிப்பு, ஃபங்ஷனை வரையறுக்கும் வரி ஓடும்போது ஒரே தடவைதான் உருவாகும், ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக வராது என்பது அப்புறம் தானாக விளங்கியது. டிஃபோல்டாக 'நன்' (ஒன்றும் இல்லை என்று குறிக்கும் மதிப்பு) கொடுத்து, உள்ளே புது லிஸ்ட் போட்டதும் சரியாகிவிட்டது. 2018இல் பைதன் 3.7 உடன் வந்த டேட்டாகிளாஸில் (கொன்ஸ்ட்ரக்டரைத் தானே எழுதித் தரும் வசதி) இதே தவறைச் செய்தால் தொடக்கத்திலேயே பிழை காட்டி நிறுத்திவிடும் என்பதையும் ஓட்டிக் காட்டினார். பின்வரிசைப் பிள்ளை ஒன்று ஜாவாஸ்கிரிப்டில் எப்படி என்று கேட்டதற்கு, பிரவுசரைத் திறந்து அங்கேயே செய்து காட்டினார். அதில் டிஃபோல்ட் அழைக்கும்போதெல்லாம் புதிதாகவே கணிக்கப்படும். ஆனால் 'நல்' (வெறுமை என்று நாமே குறிப்பது) அனுப்பினால் டிஃபோல்ட் வராது, 'அன்டிஃபைன்ட்' (மதிப்பே கொடுக்கப்படாதது) என்றால்தான் வரும். எங்கள் ஒஃபிஸில் நான் போட்ட பக் ரிப்போர்ட்டுகளில் சிலவற்றின் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

ஜாவா பகுதி அப்படி இல்லை. ஜாவாவில் டிஃபோல்ட் ஆர்கியுமென்டே கிடையாது. ஒரு கொன்ஸ்ட்ரக்டர் இன்னொன்றை அழைக்கிறமாதிரி அடுக்கடுக்காக எழுத வேண்டும், அல்லது பில்டர் (ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி நிரப்பிக் கடைசியில் பொருளை உருவாக்கும் முறை) வைக்க வேண்டும். பில்டரைக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஸ்லைட்டில் ஓட்டிவிட்டார். கொழும்பில் ஜாவா கேட்கும் வேலைகள் எவ்வளவு! பில்டர் இல்லாமல், அடைப்புக்குள் ட்ரூ, ஃபோல்ஸ், ட்ரூ என்று வரிசையாக வந்தால் எது சீஸ், எது முட்டை என்று யாருக்குத் தெரியும்? பெயர் சொல்லி அனுப்பும் வசதி பைதனிலும் கொட்லினிலும் இருக்கிறது, பிஎச்பியிலும் 2020இல் 8.0 உடன் வந்துவிட்டது. எங்களுக்குத் தந்த அச்சிட்ட நோட்ஸில் பிஎச்பி பகுதி அதற்கு முந்தையது. கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய நோட்ஸ் தருவது எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னேன், "அடுத்த பட்ச்சுக்கு மாத்துவம்" என்றார்கள்.

ஏசி பரவாயில்லை. பிளக் பொயின்ட்தான் போதாது. லப்டொப்பை வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் பண்ணிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் சுவரோரக் கதிரைக்கு முந்திப் போய் இருங்கள். ஜாவாவுக்காக மட்டும் சேர நினைப்பவர்கள் பில்டருக்கு எத்தனை வகுப்பு ஒதுக்குவார்கள் என்று முதலில் கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்.