மேப்பிள் மர நிழலுக்கு ஹோஸ்டா: எதை வாங்கலாம், எதை விடலாம்

ரொறன்ரோவில் பழைய வீடு வாங்கியவர்களுக்கு இது தெரியும். பின்வளவில் ஒரு பெரிய மேப்பிள் நின்றால் அதன் கீழே புல் வராது. ஏப்ரலில் விதை தூவினால் பச்சையாக முளைக்கும், ஜூலை வருவதற்குள் வெறும் மண்தான். அநேகமாக அது நோர்வே மேப்பிளாக இருக்கும், ஒரு காலத்தில் நகரம் முழுக்கத் தெருவோரம் நட்டுத் தள்ளிய மரம். மேலே இலை அடர்த்தி வெளிச்சத்தை விடாது, கீழே வேர் மேல்மண்ணில் பாய் விரித்தமாதிரிப் பின்னிக் கிடந்து பெய்கிற மழையையும் தானே குடித்துவிடும். அந்த இடத்துக்கு என்ன வைக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஹோஸ்டாதான், இலை அழகுக்காக நிழலில் வளர்க்கிற செடி. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நிறுத்த முடியாது. பெயர் வைத்த வகைகள் ஆயிரக்கணக்கில் உண்டு, எல்லாம் ஒரே தரமில்லை, அட்டைப்படத்தைப் பார்த்து வாங்கினால் இரண்டாவது கோடையிலேயே மனம் விட்டுப்போகும். என் வளவில் பல வருடமாக நிற்கிறவற்றையும், சிநேகிதர்கள் வீட்டில் வருடாவருடம் பார்த்து வருகிறவற்றையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நிறத்தைப் பார்க்க முன்னர் இலையைத் தொட்டுப் பாருங்கள். கடையில் நிற்கும்போதே பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்தால் தெரிந்துவிடும், சில வகைகள் காகிதம்போல இருக்கும், சில தடித்து விறைப்பாக இருக்கும். தடித்த இலையை நத்தை லேசில் கடிக்காது (இங்கே தொல்லை அதிகம் ஓடில்லாத நத்தையால்தான்), ஓகஸ்ட் வெயிலில் ஓரம் கருகாது, ஆலங்கட்டி மழையிலும் ஓரளவு தப்பும். ஹோஸ்டாவை இலைக்காகத்தான் வாங்குகிறோம், பூ இரண்டாம் பட்சம், அந்த இலை செப்டம்பர் வரை முழுசாக நிற்குமா என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்தக் கணக்கில் முதலிடம் ஹால்சியன். ஐந்துக்கு ஐந்து. இங்கிலாந்தில் எரிக் ஸ்மித் என்பவர் டார்டிஃப்ளோரா, எலிகன்ஸ் என்ற இரண்டு ஹோஸ்டாக்களைக் கலந்து உருவாக்கிய வரிசையில் வந்தது, நீலச் சாம்பல் நிறம், ஈட்டி முனைபோன்ற இலை, நல்ல தடிப்பு. அந்த நீலம் இலைக்குள் இருக்கும் நிறமில்லை, மேலே படிந்திருக்கிற மெழுகுப் பூச்சு. விரலால் தேய்த்தால் பச்சை தெரியும். வெயிலும் சூடும் கோடை மழையும் சேர்ந்து அந்த மெழுகை மெல்ல மெல்லக் கரைத்துவிடுவதால் ஜூனில் நீலமாக இருந்த செடி ஓகஸ்ட் கடைசியில் பச்சையாகத் தெரிவது இயல்பு, அதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம். நல்ல நிழலில் வைத்து, தண்ணீரை மேலிருந்து அடிக்காமல் அடியில் விட்டால் நீலம் கூடுதல் காலம் நிற்கும்.

ஹால்சியனிலிருந்தே தானாக மாறிப் பிறந்தது ஜூன். நடுவில் பொன் மஞ்சள், ஓரத்தில் நீலப்பச்சை. அமெரிக்க ஹோஸ்டா வளர்ப்போர் சங்கம் 2001ஆம் ஆண்டின் ஹோஸ்டாவாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான், தகுதியான தேர்வு. இதில் எனக்குப் பிடித்தது, வைக்கிற இடத்துக்கு ஏற்ப ஆள் மாறுவது. காலை வெயில் கொஞ்சம் படும் இடத்தில் நடுப்பகுதி பளிச்சென்று மஞ்சளாக வரும், முழு நிழலில் இளம்பச்சைக்கு இறங்கிவிடும், ஒரே செடியைப் பிரித்து இரண்டு மூலையில் வைத்தால் பார்க்கிறவர்கள் இரண்டு வகை என்று நினைப்பார்கள். ஒரே ஒரு ஹோஸ்டாதான் வாங்குவேன் என்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

பெரிசாக வேண்டும் என்றால் சம் அண்ட் சப்ஸ்டன்ஸ். மஞ்சள் கலந்த பச்சை, ஒரு இலையே சாப்பாட்டுக் கோப்பையைவிட அகலம், வளர்ந்து முடிந்தால் ஐந்தடி அகலத்துக்கு மேல் இடம் பிடிக்கும். அதைத் தெரிந்துகொண்டு வையுங்கள், நடைபாதை ஓரத்தில் வைத்துவிட்டுப் பிறகு வெட்டித் திருத்த முடியாது. மற்ற ஹோஸ்டாக்களைவிட வெயில் தாங்கும், காலை வெயில் கிடைத்தால்தான் அந்தப் பொன்னிறமே வரும். நத்தைக்கு அசையாத இலை. நாலரை கொடுக்கலாம், அரை மதிப்பெண் குறைத்தது இந்த வகையில் வைரஸ் தொல்லை அதிகம் கேள்விப்பட்டதால், அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

சின்ன இடத்துக்கும் சாடிக்கும் ப்ளூ மவுஸ் இயர்ஸ். ஒரு சாண் உயரம்கூட வராது, ஆனால் இலை உருண்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும், நத்தை கிட்டத்தட்டத் தொடுவதில்லை. பல்கனியில் வடக்குப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது என்று கவலைப்படுகிற மாடிக் குடியிருப்புக்காரர்களுக்கு இது நல்ல செடி. சாடியில் வைத்தால் குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம், அதற்குக் குளிரில் தூங்கியே ஆகவேண்டும். வெளியே மறைவான மூலையில் சுவரோடு ஒட்டி வையுங்கள், சாடிக்குள் தண்ணீர் தேங்கி உறையாமல் பார்த்தால் போதும்.

வாசனை வேண்டுமென்றால் குவாகமோலி. சீனத்து வெள்ளைப் பூ ஹோஸ்டாவான பிளான்டஜினியாவின் வழியில் வந்தது, அந்த வழியில் வருகிறவைதான் மணக்கும், மற்றவை அநேகமாக மணக்காது. இதற்கும் கொஞ்சம் வெயில் பிடிக்கும், தண்ணீரும் கூடுதலாகக் கேட்கும். மேப்பிள் அடியில் வைத்து ஏமாற வேண்டாம், வீட்டின் கிழக்குப் பக்கம் சரியாக இருக்கும்.

பேட்ரியட்டைப் பற்றி எனக்கு இரண்டு மனம். கரும்பச்சை நடுவில், தூய வெள்ளை ஓரம், இருட்டு மூலையை அப்படியே தூக்கிக் காட்டும், எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் மலிவு. ஆனால் அந்த வெள்ளை ஓரத்தில் நத்தை கடித்த ஓட்டை தூரத்திலிருந்தே தெரியும். நத்தையைக் கவனிக்க நேரம் இருந்தால் வாங்கலாம். அதிலிருந்து பிறந்து நிறம் தலைகீழாக மாறிய ஃபயர் அண்ட் ஐஸ் என்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நடு இலை முழுக்க வெள்ளை, அதாவது உணவு தயாரிக்கும் பச்சை ஓரத்தில் மட்டும்தான், அதனால் வளர்ச்சி மிக மெதுவு, மர வேரோடு போட்டி போட அதற்குத் தெம்பில்லை.

அயலவர்கள் இலவசமாகப் பிரித்துத் தருகிற, வெள்ளை பிடித்த அலையலையான இலைச் செடி ஒன்று இருக்கிறது, அண்டுலாட்டா. வேகமாகப் பரவும், ஆனால் இலை மெல்லியது, ஓகஸ்டில் ஓரமெல்லாம் பழுப்பாகிப் பார்க்கச் சகிக்காது. வேலி ஓரத்தில் இடம் நிரப்ப வைத்துக்கொள்ளுங்கள், முன்வளவுக்கு வேண்டாம்.

சரி, எங்கே வாங்குவது. வசந்தத்தில் பெரிய கடைகளில் பிளாஸ்டிக் பையில் மூன்று நான்கு வேர்க்கட்டைகளை மரத்தூளோடு போட்டு மலிவாக விற்பார்கள். நான் அதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன், காரணம் ஹோஸ்டா வைரஸ் எக்ஸ். இதை 1996இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அடையாளம் கண்டார்கள். செடியின் சாறு வழியாகப் பரவுவது, அதாவது நோயுள்ள செடியை வெட்டிய கத்தியால் அடுத்ததை வெட்டினால் போதும். மருந்து கிடையாது. பையில் இருக்கும் வேரைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது, இலை வந்தாலும் சிலவேளை ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் அறிகுறி காட்டும். இலை நரம்பு வழியே மை ஊறினமாதிரிக் கரும்பச்சைக் கீறல் பரவியிருந்தாலோ, பொன்னிற இலையில் திட்டுத்திட்டாகப் பச்சை படிந்து சுருங்கியிருந்தாலோ சந்தேகப்படுங்கள். அப்படி ஒரு பையிலிருந்து என் வளவுக்கும் ஒன்று வந்தது, வேரோடு கிண்டி குப்பைப் பையில் கட்டிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் இன்றுவரை ஹோஸ்டா வைக்கவில்லை. உரக்குவியலில் போடக்கூடாது. கடைக்காரரிடம் காட்டினபோது அது அந்த வகையின் இயல்பான நிறம் என்றார்கள், அவர்களுக்கு இது தெரியாமல் இருப்பதுதான் எனக்குக் கோபம், ஏனென்றால் அதே மேசையில் இருந்த மற்றப் பைகளை யாரோ வாங்கிக்கொண்டு போய் நல்ல செடிகளுக்குப் பக்கத்தில் நட்டிருப்பார்கள்.

அதனால் சாடியில் வளர்ந்த செடியை, இலை முழுசாக விரிந்த பிறகு, மே கடைசியில் அல்லது ஜூனில் நேரில் பார்த்து வாங்குங்கள். 15 முதல் 25 டொலர் வரை போகும், பையைவிட விலை கூடத்தான், ஆனால் இது பத்து இருபது வருடம் நிற்கிற செடி. நகரத்துக்கு வெளியே ஹோஸ்டாவை மட்டும் வளர்த்து விற்கிற சின்ன நர்சரிகள் இருக்கின்றன, அவர்களிடம் கேட்டால் எந்த வகை எவ்வளவு வெயில் தாங்கும் என்று தங்கள் தோட்டத்திலேயே காட்டுவார்கள், அந்த உதவிக்கே போய்வரலாம்.

நடும்போது மேப்பிளின் தடித்த வேரை வெட்டாதீர்கள், வேருக்கு நடுவில் இடம் தேடிச் சின்னக் குழி தோண்டுங்கள். மேலே ஒரு அடி மண் கொட்டி உயர்த்தி நடலாம் என்று சிலர் நினைப்பார்கள், அது மரத்தின் வேரை மூச்சடைக்க வைக்கும், வேண்டவே வேண்டாம். குருத்து வெளிவரும் பகுதி மண்மட்டத்தில் இருக்கட்டும். வேர் மிகவும் நெருக்கமான இடத்தில் நான் பெரிய சாடியில் வைத்து மரத்தடியில் அப்படியே நிறுத்தியிருக்கிறேன், மண்ணில் நட்டதைவிட அவைதான் செழிப்பு, மரத்தோடு தண்ணீருக்குச் சண்டை இல்லையல்லவா. மண்ணில் இருக்கிறவற்றுக்குக் கிழமைக்கு ஒரு அங்குலத் தண்ணீர், காலையில். முதல் வருடம் பெரிதாக ஒன்றும் நடக்காது, மூன்றாவது வருடத்தில்தான் செடியின் உண்மையான உருவம் தெரியும், அதுவரை பிடுங்கிப் பிடுங்கி இடம் மாற்றாமல் விடுங்கள்.

நத்தைக்கு இரும்புப் பொஸ்பேட் குருணை போதும். ஒன்ராறியோவில் 2009இலிருந்து அழகுக்காகத் தோட்டத்தில் பூச்சிகொல்லி அடிக்கத் தடை இருந்தாலும் இது பாவிக்கலாம். மேயில் குருத்து வெளிவரும்போதே தூவ வேண்டும், இலையில் ஓட்டை தெரிந்த பிறகு தூவினால் அந்த ஓட்டை அந்த வருடம் முழுக்க அப்படியே இருக்கும். மானுக்கு மட்டும் என்னிடம் வழியில்லை. ரொறன்ரோவின் கிழக்கே ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி வீடு இருந்தால் வேலி போடாமல் ஹோஸ்டாவில் காசு செலவழிக்க வேண்டாம், ஒரே இரவில் தண்டு மட்டும் மிஞ்சும். நாய், பூனை கடித்தாலும் வயிற்றைக் குழப்பும், அதையும் யோசியுங்கள். யப்பானில் இதன் சில இனங்களின் இளங்குருத்தை உருய் என்ற பெயரில் மரக்கறியாகச் சாப்பிடுகிறார்கள், ஆனால் கடையில் வாங்கிய அலங்காரச் செடியில் என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியாமல் சமைக்க வேண்டாம்.

படம் போட்டால் யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் விதை கேட்கிறார்கள். அங்கே வராது. வருடத்தில் சில கிழமைகளாவது கடும் குளிரில் தூங்கினால்தான் அடுத்த வசந்தத்தில் தெம்பாக எழும்பும் இனம் இது. அந்த ஊர் நிழலுக்குக் கலேடியம் வையுங்கள், இலையழகில் குறைவில்லை.

இந்த வருடம் வசந்தத்தைத் தவறவிட்டவர்கள் செப்டம்பர் தொடக்கத்தில் ஒருமுறை நர்சரிப் பக்கம் போங்கள். மிஞ்சிய செடிகளைப் பாதி விலைக்குத் தள்ளுவார்கள், இலை கிழிந்து களைத்துப்போய் இருக்கும், அதைப் பார்க்காதீர்கள், சாடியைக் கவிழ்த்து வேர் வெள்ளையாக உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். மை ஊறின கீறல் இல்லை என்றால் வாங்கி அந்த மாதத்துக்குள்ளேயே நட்டுவிடுங்கள், நிலம் உறைய முன்னர் வேர் பிடிக்க நேரம் போதும்.