ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வெட்டும் வண்டிக்கு ஈ.எல்.எம்.327 ஸ்கேனர் எவ்வளவு உதவும்?

வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது என்றதும் முதலில் பிளக் மாறும், அடுத்து பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், அதற்கும் அடுத்து ஃப்யூவல் பம்ப். மூன்றும் மாறிய பிறகும் வெட்டு போகாத வண்டிகள் ஏராளம். இந்த ஊகச் செலவைத் தடுக்க வல்லது, எஞ்சின் கணினியில் உள்ள தகவலை போனில் காட்டும் ஈ.எல்.எம்.327 வகை ப்ளூடூத் ஸ்கேனர். ஆனால் எரர் கோடு (கோளாறு எண்) படிப்பதோடு நிறுத்திக்கொண்டால் அதில் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

வாங்கும்போது பெட்டியில் அச்சடித்த பதிப்பு எண்ணை நம்ப வேண்டாம். அசல் சிப்பைத் தயாரித்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 1.5 என்ற பதிப்பை வெளியிட்டதே இல்லை, கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் அதுதான். 2.1 என்று வரும் நகல்கள் பலவற்றில் சில கட்டளைகளே வேலை செய்யாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் ப்ளூடூத் லோ எனர்ஜி அல்லது வைஃபை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்; பழைய வகை ப்ளூடூத் ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான்.

வண்டியின் ஓபிடி போர்ட்டில் (ஸ்கேனர் மாட்டும் துளை) செருகியவுடன் பலரும் செய்யும் தவறு, எரர் கோடை அழிப்பது. அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம், லோடு (எஞ்சின் மீதான சுமை), வேகம், கூலன்ட் வெப்பம் எவ்வளவு இருந்தன என்பதை ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதில்தான் எழுதி வைத்திருக்கும். லோடு 80 சதவீதம், ஆர்பிஎம் 2500 என்றிருந்தால் இக்னிஷன் அல்லது எரிபொருள் பக்கம் போகலாம். ஐடிலில் (மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) பதிவாகியிருந்தால் ஏர் லீக்கையும் சந்தேகிக்க வேண்டும்.

பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவது) என்றுதான் பொருள், காயில் போய்விட்டது என்று பொருளல்ல. இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாட்டி, ஃப்ரீஸ் ஃப்ரேமைக் குறித்துக்கொண்டு எரர் கோடை அழித்து, அதே லோடில் ஓட்டிப் பாருங்கள். பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக்கை அதேபோல் இடம் மாற்றுங்கள். அதற்கும் நகராவிட்டால் இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன். பிளக்கின் முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, அதாவது கேப், தேய்ந்து விரிந்திருந்தாலும் ஐடிலில் வண்டி ஒழுங்காகவே நிற்கும். த்ராட்டில் திறந்து சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போதுதான் ஸ்பார்க் தாண்ட முடியாமல் திணறும். பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களுக்கு கேப் 0.7 முதல் 1.1 மி.மீ.க்குள் இருக்கும், சரியான அளவு மேனுவலில் உண்டு. பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், புதுக் காயிலையும் அது கெடுக்கும்.

எரர் கோடே வராத வண்டிகளில்தான் இந்தக் கருவி தன் மதிப்பைக் காட்டுகிறது. ஃப்யூவல் ட்ரிம் என்பது ஈசியு தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பிளஸ் மைனஸ் 5க்குள் இருந்தால் ஆரோக்கியம், பிளஸ் 10ஐத் தாண்டினால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. ஐடிலில் பிளஸ் 18, 2500 ஆர்பிஎம்மில் பிளஸ் 4 என்றால் வேக்யூம் ஹோஸ் அல்லது இன்டேக் கேஸ்கெட்டில் ஏர் லீக். ஓட்டை அதேதான், எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்று கூடும்போது அதன் பங்கு குறைந்துவிடுகிறது. நேர்மாறாக லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூவல் ஃபில்டர், பம்ப், அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு. சூடான எஞ்சின் ஏசி இல்லாமல் ஐடிலில் நிற்கும்போது அந்த சென்சார் எஞ்சின் அளவின் லிட்டருக்கு நொடிக்கு சுமார் 1 கிராம் காட்டும். வெகுவாகக் குறைந்தால் அதற்கென்று விற்கும் கிளீனரால் மட்டும் சுத்தம் செய்யுங்கள், துணியால் துடைக்கக் கூடாது.

முழுசாக மிதிக்கும்போது ட்ரிம்மைப் பார்த்துப் பயனில்லை, பல ஈசியுக்கள் ஓபன் லூப்புக்குப் (ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்காமல் பெட்ரோல் விடும் நிலை) போய்விடும். அப்போது முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரைப் பாருங்கள். சாதாரண வகை சென்சார் 0.8 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். மிதித்துப் பிடித்திருக்கும்போதே 0.2க்குக் கீழே விழுந்தால், எஞ்சினுக்குப் பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்ற சந்தேகம் வலுக்கிறது. பம்பை மாற்றும் முன் ஃப்யூவல் பிரஷர் கேஜ் மாட்டி உறுதி செய்யுங்கள், ஏனென்றால் போர்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்கு வெளியே இன்டேக்கில் பெட்ரோல் தெளிக்கும் முறை) வண்டிகள் பெரும்பாலானவற்றில் அந்த அழுத்தத்தை ஸ்கேனரால் படிக்கவே முடியாது.

இதன் பெரிய குறை வேகம். மலிவான நகல்கள் ஒரு நொடிக்குச் சில அளவீடுகளைத்தான் தரும்; 10 அளவீடுகளைத் திறந்து வைத்தால் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். கால் நொடி வெட்டு அந்த இடைவெளியில் நழுவிவிடும். மூன்று நான்குக்கு மேல் திறக்காதீர்கள். மிஸ்ஃபயரைப் பிடிக்க கிராஃபை விட, ஈசியு தானே நடத்திய சோதனைகளின் முடிவைக் காட்டும் மோடு 06 மேல்: கேன் (CAN) இணைப்பில் ஸ்கேனரோடு பேசும் வண்டிகளில் ஏ2 முதல் சிலிண்டர், ஏ3 இரண்டாவது, அதற்குள் 0சி என்பது அண்மை ஓட்டத்தின் மிஸ்ஃபயர் எண்ணிக்கை. விளக்கு எரியாவிட்டாலும் எண்ணிக்கை ஏறியிருக்கும். செக் எஞ்சின் விளக்கு சிமிட்டினாலோ சோதனையை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதை எரித்துவிடும்.

டீசலுக்கு இது அரைகுறைதான், ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம்) கிடைத்தால் அதிர்ஷ்டம். அளவீடுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் வண்டி இடிக்கிறது என்றால் எஞ்சின் மவுண்ட், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் பக்கம் திரும்புங்கள். மேனுவல் கியர் வண்டியில் ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச். அந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தெரிவதற்கே இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு தகும். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். இக்னிஷன் அணைந்த பிறகும் ஓபிடி போர்ட்டின் 16ஆவது பின்னில் பேட்டரி கரண்ட் வந்துகொண்டே இருக்கும்.