கிரெடிட் கார்டு பாக்கி கட்ட முடியாதபோது நிறுவனம் தரும் வழிகள்: எது தேறும், எது தேறாது

கார்டு நிறுவனங்கள் பொதுவாக மூன்று வழி வைத்திருக்கின்றன. பாக்கியைத் தவணையாக மாற்றுவது, சில மாதங்களுக்கு வட்டியைக் குறைப்பது, கடைசியாக ஒரு தொகை பேசி செட்டில்மென்ட். முதல் இரண்டும் தேறும். ஆனால் கெடு தேதி தாண்டுவதற்குள் கேட்க வேண்டும். நாள் ஆக ஆகப் பேச்சு வசூல் பிரிவுக்குப் போய்விடும். அங்கே இருப்பவருக்கு இந்த மாதம் எவ்வளவு வரும் என்பது மட்டும்தான் கவலை.

'மினிமம் டியூ (குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை) மட்டும் கட்டுங்க, போதும்' என்பார்கள். போதாது. பாக்கி ஒரு லட்சம், மாத வட்டி 3%, மினிமம் பாக்கியில் 5% என்று வையுங்கள். கட்டுகிற 5,000-இல் 3,000 வட்டிக்கே போய்விடும். பாக்கி குறையக் குறைய மினிமமும் குறையும். இப்படியே 24 மாதம் கட்டினால் மொத்தம் சுமார் 96,000 கட்டியிருப்பீர்கள், இன்னும் 61,000-க்கு மேல் பாக்கி நிற்கும். அதே ஒரு லட்சத்தை மாதம் 1.5% வட்டியில் 24 தவணையாக மாற்றினால், தவணை 5,000-க்குள் அடங்கும், கடனும் முடிந்துவிடும்.

கஸ்டமர் கேரில் கஷ்டத்தை விவரிப்பதைவிட எண்ணைச் சொல்வது பலிக்கும்: மாத வரவு இவ்வளவு, தவிர்க்க முடியாத செலவு இவ்வளவு, இந்தத் தேதியில் இவ்வளவு கட்ட முடியும். வேலை போனதற்கோ மருத்துவச் செலவுக்கோ ஆதாரம் கையில் இருக்கட்டும். செயலாக்கக் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் பிடிப்பது எவ்வளவு, ஏற்கெனவே போட்ட தாமதக் கட்டணம் தள்ளுபடி ஆகுமா, கிரெடிட் ரிப்போர்ட்டில் (உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில்) எப்படிப் பதிவாகும் என்பதையும் கேளுங்கள். கோரிக்கை எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். ஒப்புக்கொண்டதை அன்றே மின்னஞ்சலில் உறுதி செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை எடுப்பவர் 'அப்படி எதுவும் பதிவில் இல்லையே' என்பார்.

தவணைத் திட்டம் பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். தவணைத் தொகை முழுசாக மினிமம் டியூவோடு சேர்ந்துவிடும், பழைய நினைப்பில் குறைவாகக் கட்டினால் மறுபடி அபராதம். இன்னொன்று, பழைய பாக்கி மீதம் நிற்கும்போது அதே கார்டைத் தேய்ப்பது. வட்டியில்லா நாட்கள் பறிபோய், புதுச் செலவுக்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆட்டோ டெபிட் பழைய தொகையை எடுத்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

செட்டில்மென்ட் வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும். பாதித் தொகையில் முடிந்தாலும் ரிப்போர்ட்டில் 'குளோஸ்டு' (முழுசாக அடைத்தது) வராது, 'செட்டில்டு' (பேசிக் குறைத்து முடித்தது) என்றுதான் விழும். பின்னால் வீட்டுக் கடன் கேட்டால் அதுவே குறுக்கே நிற்கும். தொகை, கெடு, மீதி தள்ளுபடி என்ற வாசகம் மூன்றும் உள்ள கடிதம் வந்த பிறகே பணம், அதுவும் கார்டு கணக்குக்கே. வசூலுக்கு வருபவரின் சொந்தக் கணக்குக்கு ஒரு பைசாகூட வேண்டாம்.

'நாங்கள் பேசிக் குறைத்துத் தருகிறோம்' என்னும் இடைத்தரகர்களுக்கு மதிப்பெண் பூஜ்யம். கட்டணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டு, கார்டுக்குக் கட்டுவதை நிறுத்தச் சொல்வார்கள். வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறுவது உங்கள் தலையில்.

எந்த வழியில் முடித்தாலும் அடுத்த ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பாருங்கள். பில் போட்ட நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி சில்லறையாக வந்து நிற்கலாம். அதையும் அடைத்துவிட்டு, பாக்கி இல்லை என்ற சான்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.