எதிர்காற்றுக்குச் சின்னக் கண்ணாடி போதுமா? கணவாய்க் காற்றடிக்கும் சாலைகளுக்கு ஓர் ஒப்பீடு

பைக்கின் ஹெட்லைட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும் ஃபிளைஸ்கிரீன் என்ற சின்னக் கண்ணாடி காற்றைத் தடுக்குமா? நெஞ்சுக்குத் தடுக்கும், தலைக்குத் தடுக்காது. அதுவும் காற்று நேர் எதிரே வந்தால்தான். இந்தக் கடைசி நிபந்தனையை வேறு ஊர்க்காரர்கள் சாதாரணமாகக் கடந்துபோகலாம், கோவை, திருப்பூர்ப் பக்கத்துக்காரர்களான நம்மால் முடியாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வேகமெடுத்து மேற்கிலிருந்து கிழக்காக நம் மேல் அடிக்கிறது. கேத்தனூர், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதனால்தான். ஆடி மாதம் அந்தப் பக்கம் பைக் ஓட்டியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே இந்த ஒப்பீட்டை நம் சாலைகளை வைத்தே செய்கிறேன். ஒரு பக்கம் கண்ணாடியே இல்லாத வண்டி. ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350, இன்டர்செப்டர் மாதிரி. இன்னொரு பக்கம் ஹெட்லைட்டை ஒட்டி மாட்டும் சின்ன ஃபிளைஸ்கிரீன். 2023-ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பீட் 400-க்கு நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பல்சர் 150-ல் ஹெட்லைட்டைச் சுற்றிக் கம்பெனியே கொடுக்கும் கவசமான டூமும் வேலையில் கிட்டத்தட்ட இதே இனம்தான். மூன்றாவது, மீட்டியார் சூப்பர்நோவாவில் வருவது போன்ற உயரமான விண்ட்ஷீல்டு. முன்பக்கம் முழுவதையும் கவசம் மூடியிருக்கும் முழு ஃபேரிங் வண்டிகளை விட்டுவிடுகிறேன். அது வாங்கும்போதே முடிவாகிற விஷயம், பிறகு மாட்டுவது இல்லை.

முதலில் காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்கலாம். வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றின் அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டேகால் மடங்கு ஆகிறது. வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிற கணக்கு அது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவரின் உடம்பில் அரை சதுர மீட்டர் அளவுக்குக் காற்று படுகிறது என்று வைத்துக்கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் சுமார் 8 கிலோ எடை தள்ளுவது போல இருக்கும். 90-ல் அது 18 கிலோ. கையும் தோளும் கழுத்தும் அந்த 18 கிலோவைப் பிடித்து நிறுத்திக்கொண்டே வருகின்றன. சேலத்திலிருந்து கோவைக்கு நான்கு வழிச்சாலையில் நிற்காமல் வந்தவருக்குப் பிடரி வலிப்பது இதனால்தான்.

இதில் கணவாய்க் காற்றைச் சேருங்கள். வண்டி 70-ல் போகிறது, எதிரே 30 கி.மீ. காற்று. நெஞ்சுக்கு அது 100 கி.மீ. வேகம். அதே 70-ல் அதே காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தால் நெஞ்சுக்கு வெறும் 40. அழுத்தத்தில் இரண்டுக்கும் ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். கிழக்கே இருக்கும் பெருந்துறையிலிருந்து கோவை வரும்போது "சின்னக் கண்ணாடி ஒண்ணுக்கும் ஆகலை" என்பவரும், கோவையிலிருந்து பெருந்துறை போகும்போது "அருமையா இருக்குது" என்பவரும் ஒரே கண்ணாடியைத்தான் சொல்கிறார்கள். ஜூலை மாதத்தில் ஒரு திசையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு யாராவது சொல்லும் விமர்சனத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

கண்ணாடி என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நூலுக்குப் பஞ்சமில்லை. விரல் நீளத்துக்குக் கலர் நூல் துண்டுகள் வெட்டி, கண்ணாடியின் மேல் விளிம்பு, டேங்க் மூடிப் பக்கம், சட்டையின் ஒவ்வொரு பொத்தான் உயரம், தோள், ஹெல்மெட்டின் கன்னம் என்று டேப்பால் ஒட்டுங்கள். நீங்கள் ஓட்டுங்கள், பக்கத்து வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பர் போனில் படம் எடுக்கட்டும். காலியான நேர்ச்சாலையாகப் பார்த்து, 60-ஐத் தாண்டாமல் செய்யுங்கள். விமானம், கார் வடிவமைப்பவர்கள் காற்றுச் சுரங்கத்தில் செய்யும் சோதனையின் எளிய வடிவம் இது.

கண்ணாடியே இல்லாத வண்டியில் எல்லா நூலும் பின்னால் நேராக, துடிக்காமல் விறைப்பாக நிற்கிறது. காற்று பலமாக இருக்கிறது, ஆனால் சுத்தமாக இருக்கிறது. சின்ன ஃபிளைஸ்கிரீன் மாட்டியதும் வயிற்றிலிருந்து நெஞ்சின் நடுப்பகுதி வரை உள்ள நூல்கள் தளர்ந்து தொங்குகின்றன. டேங்க் மேல் ஒட்டிய நூலோ திரும்பி முன்பக்கமாக, கண்ணாடியை நோக்கிச் சாய்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து காற்று சுழன்று திரும்புவதை அங்கே பார்க்கலாம். காலருக்குப் பக்கத்து நூல் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஹெல்மெட் நூல் பழையபடி விறைப்பாக நிற்கிறது. உயர விண்ட்ஷீல்டில் நெஞ்சு முழுக்க அமைதி. ஆனால் விளிம்பு சரியான உயரத்தில் இல்லாவிட்டால் ஹெல்மெட் நூல் நாலு பக்கமும் சுற்றுகிறது.

அந்தக் கடைசிக் காட்சியைத்தான் வாங்குபவர்கள் கவனிப்பதில்லை. உயரம் கூடக் கூடப் பாதுகாப்பு கூடும் என்று நினைக்கிறோம். நிஜத்தில் கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து கிளம்பும் கலங்கிய காற்று உடம்பில் எந்த இடத்தில் வந்து மோதுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. சின்ன ஃபிளைஸ்கிரீனில் அது நெஞ்சின் மேற்பகுதியில் மோதும். ஜாக்கெட் தாங்கிக்கொள்ளும், தலைக்குச் சுத்தமான காற்று வரும். நடுத்தர உயரத்தில் அது நேராக ஹெல்மெட்டின் தாடையில் மோதும். தலை ஆடும், பார்வை அதிரும், சத்தம் காதைப் பிளக்கும். 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம், கலங்கிய காற்று அதை இன்னும் ஏற்றும். ரொம்ப உயரமானால் தலைக்கு மேலே போய்விடும், அப்போதுதான் நிஜமான நிம்மதி. ஆக, பலரும் சமரசம் என்று நினைத்து வாங்கும் நடுத்தர உயரம்தான் மூன்றிலும் மோசமாக அமைய அதிக வாய்ப்புள்ளது. ஆறடி ஆளுக்கு நடுத்தரமாக இருப்பது ஐந்தேகால் அடி ஆளுக்கு உயரமாகிவிடும். கடைக்காரர் உங்களை வண்டியில் உட்காரவைத்துப் பார்க்காமல் அளவு சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது பக்கக் காற்று. கோவை–பொள்ளாச்சி சாலையும், பல்லடம்–உடுமலை சாலையும் ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகின்றன. பருவக்காற்று மேற்கிலிருந்து வருகிறது, அதாவது விலாவில் அடிக்கிறது. 70-ல் போகும் வண்டிக்கு 30 கி.மீ. பக்கக் காற்று சேர்ந்தால், ஓட்டுபவருக்குக் காற்று நேர் எதிரே வராது, சுமார் 23 டிகிரி சாய்ந்து வரும். கண்ணாடிக்கும் நெஞ்சுக்கும் இடைவெளி 60 செ.மீ. என்று வைத்தால், கண்ணாடியின் காற்று மறைவு 25 செ.மீ. விலகி விழுகிறது. சின்ன ஃபிளைஸ்கிரீனின் அகலமே அதற்குச் சற்று அதிகமாக இருந்தால் பெரிது. அப்படியானால் மறைவில் பெரும்பகுதி ஒரு கை, தோளோடு வெளியே போய்விடுகிறது. மேற்குப் பக்கத்து நெஞ்சு பச்சையாகக் காற்றில் நிற்கிறது. பொள்ளாச்சி ரோட்டில் ஆனி, ஆடியில் ஃபிளைஸ்கிரீன் மாட்டியும் ஒன்றுதான், மாட்டாததும் ஒன்றுதான்.

அப்படியென்றால் அந்த ரோட்டுக்கு உயர விண்ட்ஷீல்டு நல்லதா என்றால், அங்கேதான் சிக்கலே. ஹேண்டில்பாரிலோ, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலோ கட்டிய கண்ணாடி ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்புகிறது. கண்ணாடியில் பக்கவாட்டில் விழும் காற்று, ஹேண்டிலையே திருப்பப் பார்க்கும். "ஹேண்டில் இழுக்குதுங்கண்ணா" என்று பட்டறையில் வந்து சொல்பவர்களில் சிலருக்குப் பேரிங்கில் குறை இருக்காது, புதிதாக மாட்டிய பெரிய கண்ணாடிதான் காரணமாக இருக்கும். தென்னந்தோப்பு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடங்களில் காற்று திடீரென்று விழும், அங்கே இது பயமுறுத்தும். கோவை எல் அண்ட் டி பைபாஸில் எதிரே லாரி கடக்கும்போதும் இதே அனுபவம்: முதலில் ஒரு தள்ளு, உடனே ஒரு இழுப்பு. சின்னக் கண்ணாடிக்கு இதில் சாதகம் உண்டு, காற்று பிடிக்கப் பரப்பே இல்லை. ஹிமாலயன், கேடிஎம் 390 அட்வெஞ்சர் போன்றவற்றில் கண்ணாடி வண்டியின் உடம்போடு நிற்கிறது, ஹேண்டிலோடு திரும்புவதில்லை. பக்கக் காற்று நிறைய வாங்கும் ரோட்டில் ஓட்டுபவர் உயரக் கண்ணாடிதான் வேண்டுமென்றால் அப்படிப்பட்ட அமைப்பைத் தேடுவது நல்லது. ஃபோர்க்கோடு திரும்பும் சின்னக் கவசமும் புதிதில்லை. 1973-லேயே பிஎம்டபிள்யூ ஆர்90எஸ் பைக்கில் அது வந்துவிட்டது, அதன் சாயலைத்தான் இன்றைய ஃபிளைஸ்கிரீன்கள் பலவற்றில் பார்க்கிறோம்.

உட்காரும் விதமும் கணக்கில் வரும். முன்னால் குனிந்து ஓட்டும் வண்டியில் நெஞ்சில் விழும் காற்று உடம்பின் எடையைக் கொஞ்சம் தாங்கி, மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுக்கிறது. அந்தக் காற்றை முழுசாக மறைத்தால் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். கான்டினென்டல் ஜிடி போன்றவற்றுக்குச் சின்னக் கண்ணாடியே சரியான அளவு என்று நான் அழுத்தமாகச் சொல்வேன். கிளாசிக், மீட்டியார் போல நிமிர்ந்து உட்காரும் வண்டியில் நெஞ்சு பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும், அங்கே சின்னக் கண்ணாடி கொடுக்கும் நிவாரணம் குறைவு.

மழைக்குச் சின்னக் கண்ணாடியை நம்பவே வேண்டாம். வெயிலில் நிலைமை தலைகீழ். சித்திரையில் காங்கேயம், தாராபுரம் பக்கம் உயர விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டினால் வேர்வை காயாது. ஃபிளைஸ்கிரீன் போதிய காற்றை விடுகிறது. மைலேஜில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள், எந்தக் கண்ணாடியிலும். பின்னால் உட்கார்பவருக்கு ஓட்டுபவரின் முதுகுதான் கண்ணாடி.

அவிநாசி ரோடு, சேலம் நெடுஞ்சாலை, பொள்ளாச்சி–பாலக்காடு என்று கிழக்கு மேற்காக அதிகம் ஓட்டுபவர், 80-க்கு மேல் நெடுநேரம் போகிறவர் என்றால் உயரக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்கலாம். மூக்கு மட்டத்துக்கு வருகிற மாதிரி, அதற்கு மேலாகவே சாலையைப் பார்க்கிற மாதிரி உயரம் இருக்க வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்து ஓட்டுவது மழையிலும் இரவிலும் ஆபத்து. வடக்கு தெற்குச் சாலைகள்தான் அன்றாடம் என்றால் சின்னது போதும், அல்லது ஒன்றும் வேண்டாம், நல்ல ஜாக்கெட் வாங்குங்கள். ஊருக்குள் 50, 60-ல் ஓட்டுபவருக்கு ஃபிளைஸ்கிரீன் அழகுக்குத்தான். அதில் தப்பில்லை, வண்டி பார்க்க நன்றாக இருப்பதும் ஒரு காரணம்தான்.

ஏற்கெனவே மாட்டிவிட்டீர்கள், தலை ஆடுகிறது என்றால் கண்ணாடியை மாற்றும் முன் ஒன்று செய்யுங்கள். சீரான வேகத்தில் தலையை நாலு விரல் கீழே தாழ்த்துங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் கண்ணாடி உங்களுக்குக் குட்டை. நாலு விரல் உயர்த்தியதும் அடங்கினால் அது உயரம். பல நேரம் சாய்வுக் கோணத்தை மாற்றினாலே விளிம்பின் காற்று இடம் மாறிவிடும். ஹெட்லைட்டுக்கும் கண்ணாடியின் அடி விளிம்புக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டினால், அந்த வழியாக நுழையும் காற்று பின்பக்கத்து அழுத்தக் குறைவைச் சரிசெய்து கலக்கத்தைக் குறைக்கும்.

வாங்கும்போது அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டா என்று கேளுங்கள். அக்ரிலிக் சீக்கிரம் கீறாது, ஆனால் கல் பட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் அடி தாங்கும், கீறல் விழும், பெட்ரோல் பட்டால் கெடும். சாயங்காலம் அமராவதி வாய்க்கால் ஓரமாக ஓட்டிவந்தால் பூச்சி அப்பிக்கிடக்கும். அதைக் காய்ந்த துணியால் தேய்க்காமல், ஈரத் துணியைப் பத்து நிமிடம் போர்த்திவைத்துவிட்டு வழித்தெடுங்கள். போல்ட்டை இழுத்து முறுக்கினால் விரிசல் அந்த ஓட்டையிலிருந்துதான் கிளம்பும். ரப்பர் வாஷர் வைத்துக் கையால் இறுக்கிய பின் கால் சுற்று போதும். அப்புறம் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, கிளட்ச் கேபிளோ பிரேக் ஹோஸோ கண்ணாடியில் உரசுகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.