டிக்குக்கு மரபணு ஆலோசனை: போகலாமா?

மகனுக்கு டூரெட் (டிக், அதாவது தன்னை மீறித் திரும்பத் திரும்ப வரும் அசைவுகளும் ஒலிகளும் உள்ள நரம்பியல் குறைபாடு) என்று நரம்பியல் மருத்துவர் சொன்னதிலிருந்து வீட்டில் ஒரே கேள்விதான்: இது யார் வழியில் வந்தது? அதற்காகவே வீடியோவில் மரபணு ஆலோசனைக்குப் பதிவு செய்தோம்.

பாதி நேரம் வம்ச வரைபடத்திலேயே போனது. ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். கண் சிமிட்டுகிறவர், தொண்டையைச் செருமுகிறவர் யார் என்பதோடு விடவில்லை. பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பவர் யார், சின்ன வயதில் ஓரிடத்தில் உட்காராதவர் யார் என்றும் ஆலோசகர் கேட்டார். டூரெட், ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வருவது), ஏடிஎச்டி (கவனம் நிற்காமையும் அடங்காத துறுதுறுப்பும்) மூன்றும் ஒரே குடும்பத்தில் அடிக்கடி சேர்ந்து வருமாம். பூட்டு என் அப்பா. உட்காராதவன் மச்சினன். இரண்டு பக்கமும் கேள்விக்குறி விழ, எங்கள் சண்டை ஓய்ந்தது.

அடுத்து மகளைப் பற்றிய பயம். டூரெட்டில் மரபின் பங்கு சுமார் 77 சதவீதம் என்று ஒரு சுவீடன் ஆய்வு சொல்வதைப் படித்துவிட்டுப் போயிருந்தேன். அவளுக்கு வர 77 சதவீத வாய்ப்பு என்று அதற்குப் பொருள் இல்லை, மக்களிடையே காணும் வேறுபாட்டில் மரபுக்கு உள்ள பங்கு அது என்று பொறுமையாக விளக்கினார். டூரெட் ஆண் பிள்ளைகளுக்கே மூன்று நான்கு மடங்கு அதிகம் என்றார்.

ஒரே ஒரு மரபணுவைப் பிடித்துவிட முடியாதா என்றாள் மனைவி. 2010-ல் ஒரு குடும்பத்தில் டூரெட் உள்ள அப்பாவுக்கும் எட்டுப் பிள்ளைகளுக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் உற்பத்திக்கான எச்டிசி மரபணுவில் ஒரே பிழை இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள் என்றார் ஆலோசகர். மற்ற குடும்பங்களில் அது மிக அரிது. பெரும்பாலும் ஏகப்பட்ட மரபணுக்கள், ஒவ்வொன்றும் துளித்துளியாக.

எனக்கு மிகவும் பிடித்தது, பரிசோதனையை எங்கள் தலையில் கட்டாததுதான். வளர்ச்சித் தாமதமோ ஆட்டிசமோ சேர்ந்திருந்தால் யோசிக்கலாம், டிக் மட்டும் என்றால் முடிவு வந்தாலும் சிகிச்சை மாறாது என்று நேராகவே சொல்லிவிட்டார்.

குறை? டிக்கைக் கட்டுப்படுத்தும் நடத்தைப் பயிற்சிக்கு ஒரே வரி. பிறகு வந்த அறிக்கை மருத்துவர்களுக்கு எழுதிய மாதிரி. டிக் பொதுவாக 10-12 வயதில் உச்சத்துக்குப் போய், பிறகு பலருக்குக் குறையும் என்பதைக்கூட நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார். பெற்றோர் முதலில் கேட்க நினைப்பது அதைத்தானே!

ஐந்துக்கு நான்கு. போகிறவர்கள் இரு பக்கத்துப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். எங்கள் வரைபடத்தில் அத்தைகளின் வட்டங்கள் எல்லாம் காலி.